பயிற்சியம்மா

அவள் படியேறி வந்ததும் குடிநீர் வாரியத்தின் காவலாளி எழுந்து நின்று சலாம் வைத்தார். புது அதிகாரி வரப்போவதாக ஒரு வாரமாக அங்கே பேச்சு. மூக்குக் கண்ணாடி, தோளில் பை, முன்நெற்றியில் கொஞ்சம் நரை. பாவம், அவர் வேறென்ன நினைப்பார்? அவர் மனம் நோகக் கூடாதென்று அவளும் தலையை ஆட்டிவிட்டு மாடிக்குப் போனாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த மாணவர் கூட்டம் மொத்தமும் 'குட் மார்னிங் மேடம்' என்று எழுந்துவிட்டது.

"அய்யய்யோ, உக்காருங்க பிள்ளைங்களா! நானும் உங்களை மாதிரி பயிற்சிக்கு வந்தவதான்" என்றாள்.

கூடம் கொல்லென்று சிரித்தது. மூன்றாவது வரிசையில் ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் தலையைக் குனிந்து பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் வேறு யாருமில்லை, இவள் பெற்ற மகள்.

இந்தக் கூத்து எப்படி வந்தது என்று சொல்லிவிட வேண்டும். இவள் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது கல்யாணம் ஆனது. கையோடு குழந்தையும் வந்தது. 'அடுத்த வருஷம் போய் முடிச்சுக்கலாம்' என்று வீட்டில் எல்லாரும் வாய் வலிக்காமல் சொன்னார்கள். அடுத்த வருஷம் என்பது எப்போதும் அடுத்த வருஷமாகவே இருந்தது. மகளைப் பள்ளியில் சேர்த்த கையோடு அதே பள்ளியின் வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலைக்கு இவளும் சேர்ந்துகொண்டாள். 'கை உள்ள!' 'பையை முதுகுல மாட்டு!' 'பெரிய டேங்க் ஸ்டாப் எறங்கு!' என்று இவள் போடும் சத்தத்தில் டிரைவர் ஹாரன் அடிப்பதையே விட்டுவிட்டார். பிள்ளைகளுக்கு இவள் 'வேன் ஆன்ட்டி'. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட பள்ளியில் ஒருவரும் இல்லை.

மகள் உயர்வகுப்புக்கு வந்த வருஷம் இவள் மாலைக் கல்லூரியில் பெயர் கொடுத்தாள். "அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமா?" என்று நாத்தனார் கேட்டாள். "எனக்கு நாப்பதுகூட ஆகல அண்ணி, இன்னும் பத்து வருஷம் டைம் இருக்கு" என்றாள் இவள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். மேலேயும் கீழேயும் போய்வருவதையே பிழைப்பாகக் கொண்ட மனுஷர், அதிகம் பேசமாட்டார். "மேல போற பட்டனை அமுக்கிட்ட. இனி நடுவுல நிக்காத" என்று மட்டும் சொன்னார்.

கடைசி வருஷத்தில்தான் சிக்கல். அரசு அலுவலகம் ஒன்றில் ஆறு வாரம் பயிற்சி எடுத்து, அங்கிருந்து நல்லபடியாக ஒரு அறிக்கை வந்தால்தான் பட்டம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். குடிநீர் வாரியம் விடுமுறைதோறும் கல்லூரிப் பிள்ளைகளையும் பள்ளியின் மேல்வகுப்புப் பிள்ளைகளையும் சேர்த்தே பயிற்சிக்கு எடுக்கும். தாயும் எழுதிப் போட்டாள், மகளும் எழுதிப் போட்டாள். இருவரில் ஒருவருக்குக் கிடைத்தால் போதும் என்று நினைத்தார்கள். இருவருக்குமே கிடைத்துவிட்டது. இரண்டு விண்ணப்பத்திலும் ஒரே முகவரிதான், ஆனால் முகவரியை யார் படிக்கிறார்கள்?

பயிற்சி தொடங்குவதற்கு முந்தின நாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது மகள் பேச்சை எடுத்தாள்.

"அங்க நீ யாரோ, நான் யாரோ. சரியாம்மா?"

"ஏன்டி, நான் என்ன பாவம் பண்ணேன்?"

"பன்னெண்டு வருஷமா நான் வேன் ஆன்ட்டி பொண்ணு. பாதிப் பேருக்கு என் பேரே தெரியாது. ஓட்டத்துல முதல் பரிசு வாங்கினேனே, அன்னைக்குக்கூட 'வேன் ஆன்ட்டி பொண்ணு ஜெயிச்சிருச்சு'ன்னுதான் கத்தினாங்க. ஒரே ஒரு இடத்துலயாவது நான் நானா இருந்துக்கறேனே."

இவளுக்குச் சுருக்கென்றது. கையிலிருந்த துணியை இரண்டு தடவை உதறி இரண்டு தடவை மடித்தாள். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இன்னார் மகள், இன்னார் மனைவி, இன்னார் அம்மா என்றே காலம் தள்ளியவளுக்கு அந்த வலி தெரியாமலா இருக்கும்? "சரி, நீ யாரோ நான் யாரோ" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

கொடுத்த வாக்கை விதி முதல் நாளே பதம் பார்த்தது. பயிற்சியை நடத்தும் இன்ஜினியர் முப்பது வயதுப் பெண், எப்போதும் ஓட்டமும் நடையுமாக இருப்பவள். "ஒரு காலேஜ், ஒரு ஸ்கூல். ரெண்டு ரெண்டு பேரா சேர்த்துவிடறேன், பயிற்சி முடியற வரைக்கும் ஒண்ணாத்தான் வேலை" என்று சொல்லிக்கொண்டே வந்தவள், தாயையும் மகளையும் ஜோடி சேர்த்துப் புகார்ப் பிரிவில் போட்டுவிட்டாள். மகளின் முகம் வாடியதைப் பார்த்துவிட்டுத் தோளில் தட்டினாள்.

"பயப்படாதம்மா. இவங்களை உன் அம்மா மாதிரி நெனச்சுக்கோ."

"முயற்சி பண்றேன் மேடம்" என்றாள் மகள்.

இவளுக்கு வந்த சிரிப்பை இருமலாக்கி விழுங்குவதற்குள் கண்ணில் நீர் வந்துவிட்டது.

புகார்ப் பிரிவு என்பது ஒரு நீளமான அறை. ஜன்னலோரம் நாலு தொலைபேசிகள், சுவர் நிறையக் குழாய்களின் வரைபடம், நடுவில் சாப்பாட்டு மேசை. தண்ணீர் வரவில்லை, கலங்கி வருகிறது, குழாய் உடைந்து தெருவே குளமாகிவிட்டது என்று காலையிலிருந்து மணி அடித்துக்கொண்டே இருக்கும். இவள் பேசுவாள், மகள் கணினியில் ஏற்றுவாள். இவளை ஏற்றச் சொன்னால் கோழி தீனி பொறுக்குவது போல ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் கொத்துவாள். பேச்சிலும் ஒரு குறை உண்டு. குழாயைப் பற்றிக் கேட்டுவிட்டு ஃபோனை வைக்க மாட்டாள், மறுமுனையில் பேசுகிறவளின் முட்டிவலி வரை கேட்பாள். "மேடம், அடுத்த கால் வெயிட்டிங்" என்று மகள் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாள். "இதோம்மா" என்பாள் இவள்.

வயதில் பெரியவளை என்னவென்று கூப்பிடுவது? மூத்த எழுத்தர் முதலில் 'அம்மா' என்றார். பிறகு ஃபிட்டர்கள், லாரி டிரைவர், காவலாளி என்று எல்லார் வாயிலும் அது ஒட்டிக்கொண்டது. பயிற்சிக்கு வந்த அம்மா, பயிற்சியம்மா ஆனாள். 'நம்ம பயிற்சியம்மாவைக் கேளு', 'நம்ம அம்மா இன்னும் சாப்பிடலையா?' என்று அறை முழுவதும் நம்ம அம்மா, நம்ம அம்மாதான். ஒரு நாள் ஜீப்பில் எல்லாரும் நீரேற்று நிலையத்தைப் பார்க்கப் போனபோது பழக்கதோஷத்தில் "கை உள்ள!" என்று அதட்டிவிட்டாள். முன்சீட்டில் இருந்த மேலாளரே வெடுக்கென்று கையை உள்ளே இழுத்துக்கொண்டார். அவர் யாரையும் எளிதில் மதிக்காத முன்கோபி. அன்றிலிருந்து அவரும் 'நம்ம அம்மா' என்றே சொல்ல ஆரம்பித்தார்.

அந்த அலுவலகத்திலேயே அவளை அம்மா என்று கூப்பிடாத ஒரே ஜீவன் அவள் வயிற்றில் பிறந்ததுதான். வீட்டிலிருந்து ஒன்றாகக் கிளம்புவார்கள், பஸ்ஸில் ஒருத்தி முன்வாசலிலும் ஒருத்தி பின்வாசலிலும் ஏறுவார்கள். மத்தியானம் மேசையின் இரண்டு கோடியில் உட்கார்ந்து ஒரே அடுப்பில் வெந்ததைத் தனித்தனி டப்பாவில் சாப்பிடுவார்கள். மூக்கு ஒரே அச்சு. தும்மினால் இருவருக்குமே மூன்று தும்மல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான். ஆனாலும் மறைக்க வேண்டும் என்று மகள் நினைத்தாள், இவள் மறைத்தாள். மகளின் வேலைச் சுறுசுறுப்பை யாராவது புகழ்ந்தால் "யாரு பெத்த பிள்ளையோ!" என்று பெருமூச்சு விடுவாள். அந்தக் குறும்பு மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

ஐந்தாவது வாரத்தில் வந்தது வினை. இன்ஜினியர் வெளியிலிருந்து ஃபோன் செய்தாள். பின்னால் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

"அம்மா, பெரிய டேங்க் மெயின் குழாய்ல விரிசல். நாளைக்கு முழுக்க அந்த ஏரியாவுக்குத் தண்ணி கிடையாது. எல்லாருக்கும் மெசேஜ் போட்டுடுங்க, பிடிச்சு வெச்சுக்கட்டும்."

"பெரிய டேங்க் ஏரியாவாம்" என்றாள் இவள். மகள் சுவர் வரைபடத்தைப் பார்த்து அந்தத் தெருக்களைத் தேர்ந்தெடுத்தாள், செய்தியைத் தட்டினாள், அனுப்பினாள். இருவருக்கும் துளி சந்தேகம் வரவில்லை.

அந்த நகரத்தில் தண்ணீர்த் தொட்டிகள் இரண்டு. ஒன்று ஒட்டகச்சிவிங்கி மாதிரி உயரமாக எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். மற்றொன்று மதில் சுவருக்குப் பின்னால் தரையோடு தரையாகக் குந்தியிருக்கும் குட்டைத் தொட்டி. ஆனால் அகலம் அதிகம், உயரமானதைப் போல மூன்று மடங்கு தண்ணீர் கொள்ளும். ஆகவே வாரியத்துக்காரர்களுக்கு எது பெரிய டேங்க்? குட்டைதான். ஊருக்கும், பள்ளி வேனுக்கும், அதில் ஏறி இறங்கிய பிள்ளைகளுக்கும்? நெட்டைதான்.

மறுநாள் காலை நெட்டைத் தொட்டித் தெருக்களில் குடம், வாளி, அண்டா எல்லாம் நிறைந்து வழிய, குழாயிலும் தண்ணீர் ஜாம்ஜாமென்று வந்துகொண்டிருந்தது. குட்டைத் தொட்டித் தெருக்களில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பாதி சோப்புப் போட்ட தலையோடு ஒருவர் துண்டைச் சுற்றிக்கொண்டு நேரே புகார்ப் பிரிவுக்கே வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் படி முழுக்க ஜனம். குளிக்காத கூட்டத்தின் கோபம் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

மேலாளர் இருவரையும் புகார்ப் பிரிவை ஒட்டியிருந்த தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் மேசையில் இருந்த மூன்று ஃபோன்களும் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தன.

"யாரு சொன்னது அதுதான் பெரிய டேங்க்னு?"

"நான்தான் சார்."

"டைப் பண்ணது?"

"இந்தப் பொண்ணு. ஆனா நான் சொன்னதைத்தான் பண்ணுச்சு. அது மேல தப்பில்ல சார்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? அஞ்சு வாரமா இங்கதான இருக்கீங்க?" அவர் குரல் கட்டடத்தையே தூக்கியது. "இந்த வயசுல இதெல்லாம் உங்களுக்குச் சரிப்படாதுங்க. சாயங்காலம் உங்க காலேஜுக்கு எழுதிடறேன், நீங்க வேற எங்கயாவது பார்த்துக்கோங்க."

எழுதிவிட்டால் முடிந்தது கதை. நாலு வருஷ மாலைகள், பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டே படித்த பாடம், எல்லாம் போச்சு. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சமாதானம் சொல்ல அவள் ஆனையும் இல்லை. தப்பு தன் மேல்தான் என்று அவளுக்குத் தெரியும், திட்டையும் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது வேறு ஒன்று. பக்கத்தில் நின்ற மகள் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. வாக்குக் கொடுத்தது நான்தானே, அவள் எப்படிப் பேசுவாள் என்று மனத்துக்கு எடுத்துச் சொன்னாள். மனம் கேட்டால்தானே!

இன்ஜினியர் பதறிக்கொண்டு வந்து, முதலில் ஜனங்களுக்குத் தண்ணீர் போகட்டும் என்று பயிற்சிக்கு வந்த எல்லாரையும் தண்ணீர் லாரிகளில் ஏற்றி அனுப்பினாள். குட்டைத் தொட்டித் தெருவில் லாரி நின்றதும் குடங்கள் நாலு பக்கமும் மோதின. இவள் லாரிப் படியில் ஏறி நின்றாள். எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ!

"வரிசை! ஒருத்தர் பின்னால ஒருத்தர்! குடத்தைக் கீழ வை, தலையில இடிக்காத!"

தெரு அடங்கியது. பெரிய மனுஷர்கள்கூடப் பள்ளிப் பிள்ளைகளாக வரிசையில் நின்றார்கள். மகள் மற்ற மாணவர்களோடு குழாயைப் பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தாள். சின்ன வாளியோடு வந்த ஒரு சிறுமி நிமிர்ந்து பார்த்துக் கத்தினாள்.

"ஏய், வேன் ஆன்ட்டி!"

மகளின் கை அப்படியே நின்றது. சிறுமி அவளையும் பார்த்துவிட்டாள்.

"ஆன்ட்டி, இந்த அக்கா உங்க பொண்ணுதானே?"

மற்ற மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"இல்லடா கண்ணு. அவங்க ஆபீஸ் அக்கா. நீ தண்ணியைப் பிடி, பின்னால ஆள் நிக்குதுல்ல?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்றே உறைத்தது. பெற்ற பிள்ளையைப் பிள்ளை இல்லை என்று தன் வாயால் சொல்ல வைத்துவிட்டதே இந்தப் பாழாய்ப் போன வாக்கு! மகள் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அழுதுவிடுவோம் என்று தெரியும். சிறுமியின் வாளி நிரம்பி வழிந்து அவள் செருப்பை நனைத்தது. மகள் குழாயை மூடாமல் தாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் எல்லாரும் திரும்பியபோது மேலாளர் கடிதம் எழுத உட்கார்ந்திருந்தார். இவள் அறைக்கு வெளியே பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மகள் அவளைத் தாண்டிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. மேலாளரின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவள் அதைச் சாத்தவும் இல்லை. புகார்ப் பிரிவு முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டது.

"சார், அந்தத் தப்புல பாதி என்னுது."

"நீ சின்னப் பிள்ளை, உன்னை யாரும் ஒண்ணும் சொல்லல. போம்மா."

"இல்ல சார். பெரிய டேங்க்னு சொன்னதும் எனக்கும் அந்த உயரமான டேங்க்தான் தோணுச்சு. படத்துல அந்தத் தெருவெல்லாம் எடுத்ததே நான்தான். பன்னெண்டு வருஷம் ஸ்கூல் வேன்ல அந்த ஸ்டாப்புக்கு அதுதான் பேரு. வேற ஒண்ணு இருக்கும்னே எங்களுக்குத் தோணல."

"சரி, இருக்கட்டும். நம்ம அம்மா பண்ண தப்புக்கு நீ எதுக்கு வக்காலத்து வாங்கற?"

கோபத்திலும் அவர் வாயில் 'நம்ம அம்மா' என்றுதான் வந்தது.

"நம்ம அம்மா இல்ல சார்" என்றாள் மகள். குரல் கடைசி மேசை வரைக்கும் கேட்டது. "எங்க அம்மா."

நம்ம என்றால் அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் பங்கு உண்டு. எங்க என்று சொன்னதும் எல்லார் பங்கும் போய்விட்டது.

"அந்த வேன்ல பிள்ளைங்களை ஏத்தி எறக்கினது எங்க அம்மாதான் சார். நான் வேன் ஆன்ட்டி பொண்ணு. காலைல இங்க நின்னப்பவே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். காலேஜுக்கு எழுதறதா இருந்தா என் ஸ்கூலுக்கும் சேர்த்து எழுதிடுங்க."

வெளியே பெஞ்சில் இருந்தவளுக்கு எல்லாமே கேட்டது. திட்டு வாங்கும்போது வராத அழுகை இப்போது வந்து கண்ணாடியை நனைத்தது. துடைத்துக்கொள்ளவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாள். மூத்த எழுத்தர்தான் முதலில் பேசினார்.

"அப்பாடா! ரெண்டு பேரும் மூணு மூணு தடவை தும்மும்போதே நெனச்சேன்."

மேலாளர் வெளியே வந்து தாயைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மறுபடி தாயைப் பார்த்தார். ஒரே மூக்கு. பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, இளைத்தவள் தலையில் மிளகாய் அரைப்பது போல இன்ஜினியர் மேல் பாய்ந்தார். "முதல்ல அந்த டேங்குங்களுக்கு ஒழுங்கா தனித்தனியா பேர் வைங்க! நெட்டை, குட்டைன்னாவது எழுதித் தொலைங்க!"

கடிதம் போகவில்லை. பயிற்சி முடிந்து அவர் கொடுத்த அறிக்கையில் 'மிகவும் திருப்தி' என்று எழுதி, 'மிகவும்' என்பதை மட்டும் அடித்திருந்தார். மிச்சமிருந்த 'திருப்தி'யே அவளுக்குப் பட்டம் வாங்கித் தந்துவிட்டது. அதெல்லாம் பிறகு.

அன்று மாலை பஸ் வந்ததும் வழக்கம்போல இவள் முன்வாசலுக்குப் போனாள். மகளும் பின்னாலேயே வந்து ஏறி, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எதுக்குடி சொன்ன? இன்னும் ஒரு வாரம்தானே இருந்துச்சு. இனி இங்கயும் நீ பயிற்சியம்மா பொண்ணுன்னு ஆயிடுவ."

"ஆயிட்டுப் போறேன்."

மகள் ஜன்னலில் முழங்கையை வைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"கை உள்ள!" என்றாள் தாய். முன்சீட்டில் இருந்த இரண்டு பேரும் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்கள்.

மகள் கையை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தாள்.

"சரிங்க மேடம்."